ஆட்டாமல் விட்ட பாட்டில்

வியாழன் இரவு, மஞ்சக்குப்பம்

அம்முலு, நீ கண்மூடிய பிறகு இன்றைக்குத்தான் உன் சாமான்களை எடுத்துவர சிதம்பரம் லேபுக்குப் போனேன். உன்கூட ஆராய்ச்சி செய்த ஜெசிந்தா எல்லாவற்றையும் கட்டி வைத்திருந்தாள். அலமாரியில் உன் பேர் ஒட்டிய சின்ன பாட்டில் மட்டும் நின்றது. பால் புரதத்தை நூல் நூலாக்கித் தண்ணீரில் விட்டது. “கலர் வரவே மாட்டேங்குதும்மா” என்று நீ அழுதாயே, அதுதான். இருமல் மருந்தைக் குலுக்குகிற பழக்கத்தில் கையை நீட்டினேன்.

“ஐயோ, ஆட்டாதீங்கம்மா!”

அவளே மெதுவாக எடுத்து வெளிச்சத்தை வடிகட்டுகிற இரண்டு கறுப்புக் கண்ணாடிக்கு நடுவில் வைத்து விளக்கைப் போட்டாள். மேல்பாதி ஒரே இருட்டு. அடிப்பாதி நீலமும் மஞ்சளுமாக ஜொலித்தது!

“வந்துடுச்சும்மா! நூலெல்லாம் தானா ஒரே பக்கமா படுத்துக்கிச்சு, அப்டி படுத்தாத்தான் கலர் தெரியும். இத்தினி மாசமா யாரும் தொடல, அதான். அவ இருந்தா எடுத்து எடுத்துப் பாத்துக்கினே இருப்பா.”

“இட்லிப் பானையையும் அப்டித்தான் தொறந்து தொறந்து பாப்பா” என்றேன். இரண்டு பேரும் சிரித்து, கட்டிக்கொண்டு குதித்தோம்.

பஸ்ஸில் குலுங்குமே என்று பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டேன். நீ கடைசியாக எடுத்துப் பார்த்த அன்றைக்கு அடியில் கொஞ்சமாவது கலர் தெரிந்ததா, அம்முலு?