மூன்றாம் மாடி ஜன்னல்

பில்பாவோ,
மே 19

அசியெருக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இரண்டு வருடங்களாக உனக்கு எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். கோபத்தோடு எழுதினால் கெஞ்ச முடியாது என்று விட்டுவைத்தேன். இப்போது கோபமும் தீரவில்லை, கெஞ்சவும் வேண்டியிருக்கிறது.

டப்ளினில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். இங்கே ஒரு வாரமாக மழை. கெபாவுக்கு முழங்கால் வலி. லூசியோ தன் ஒயின் கடையை இன்னும் மகனிடம் விடவில்லை. கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி வருகிறவர் போகிறவர் எல்லோரையும் திட்டிக்கொண்டிருக்கிறான். ஒன்பது பேராக இருந்த நம் ஜமாவில் வெள்ளிக்கிழமைச் சுற்றுக்கு வருகிறவர்கள் நான்கு பேர்தான். அதில் என்னைத் தவிர மற்ற மூவரும் வாடகை தாங்காமல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடிபோய், பஸ் பிடித்து வருகிறார்கள். நம்மில் சொமேரா தெருவில் இன்னும் குடியிருப்பவன் நான் ஒருவன்.

விஷயத்துக்கு வருகிறேன். பில்பாவோவின் நிஜமான இரவு வாழ்க்கையைப் பார்க்க எங்கே தங்கலாம் என்று பயணிகளுக்காக இணையத்தில் எழுதினாயே, அதைப் பற்றித்தான். நீ முதலில் எழுதியது சுத்த அபத்தம். புதிய சதுக்கத்துக்குப் பக்கத்தில் அறை எடுங்கள், நாற்காலி பிடித்து உட்காருங்கள், பதினோரு மணிக்குக் கிளம்புங்கள் என்றிருந்தாய். பிறந்த ஊரைப் பற்றி ஒருவன் இப்படியா எழுதுவான்? இருபத்தாறு வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்த எனக்குப் பொறுக்கவில்லை. நான்கு பக்கம் திருத்தம் எழுதி அனுப்பினேன். இங்கே யாரும் உட்காருவதில்லை. ஒரு கடையில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. அடி கனத்த சின்னக் குவளையில் இரண்டு வாய் சிவப்பு ஒயின், உடனே அடுத்த கடை. ஏழரைக்குத் தொடங்கி, ஏழு கடை சுற்றி, லூசியோ கடை மூலையில் நின்று பாடிவிட்டு, ஒன்பதரைக்கெல்லாம் அவரவர் வீட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள். இதையெல்லாம் பார்க்க அந்தக் கடைக்கு மேலே, நான் குடியிருக்கும் மூன்றாம் மாடி ஜன்னலைவிட நல்ல இடம் இல்லை. இத்தனையும் என் கையால் எழுதினேன். உனக்கு ஊர் மறந்துவிட்டது, எனக்கு மறக்கவில்லை என்று காட்டும் கர்வம்.

நன்றி என்று ஒரு வரி நீ எழுதவில்லை. நான்கு பக்கத்தையும் அப்படியே ஏற்றிவிட்டாய். பள்ளியில் என் லத்தீன் பாடத்தைப் பார்த்து எழுதும்போதாவது இரண்டு தப்பு சேர்த்து எழுதுவாய். 'உள்ளூர் நண்பர் ஒருவர் சொன்னது' என்று மட்டும் போட்டிருந்தாய்.

அதன்பின் எங்கள் கட்டடத்தின் ஆறு வீடுகளில் நான்கு பயணிகளுக்குப் போய்விட்டன. போன வெள்ளிக்கிழமை மூலையில் எங்களுக்கு நிற்க இடமில்லை. முப்பது பேர் போனை உயர்த்திக்கொண்டு காத்திருந்தார்கள். கெபா பாட ஆரம்பித்தான். ஒரு பெண் வந்து, படம் நன்றாக விழவேண்டும் என்று அவன் தோளைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். அவன் பாட்டை நிறுத்திவிட்டான்.

"நான் என்னடா, கரடியா? வித்தை காட்டவா முழங்கால் வலியோட பஸ் ஏறி வர்றேன்?" என்று சொல்லிவிட்டுப் போனவன், இந்த வாரம் வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.

லூசியோ நீ எழுதியதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறான். மேலே பெரிய எழுத்தில், 'யார் அந்த உள்ளூர் நண்பர்?' என்று கேள்வி. "எவன்னு மட்டும் தெரியட்டும். அவன் குவளையைக் கவுத்து வச்சிடறேன். அப்புறம் இந்தத் தெருவுல ஒரு கடையிலயும் அவனுக்கு ஊத்த மாட்டாங்க, பாத்துக்க" என்றான். என் முகத்தைப் பார்த்துச் சொன்னானா, பொதுவாகச் சொன்னானா, தெரியவில்லை. நானும் சேர்ந்து திட்டினேன். எல்லோரையும்விடச் சத்தமாக.

திங்களன்று வீட்டுக்காரி எடுர்னே வந்தாள். என் ஒப்பந்தம் ஜூன் மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கப் போவதில்லை என்றாள். "என் வீட்டு ஜன்னல்ல நின்னு பாத்தாத்தான் நிஜமான பில்பாவோன்னு உலகமே பேசுதாம். நீங்க என்னடான்னா அதை எப்பவும் சாத்தியே வச்சிருக்கீங்க" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நாற்பது வயதுகூட ஆகாத பெண்ணிடம் கைகூப்பாத குறையாகக் கேட்டேன். "உங்க மேல எனக்கு என்ன கோபம் வாத்தியாரே? வாரத்துக்குப் பத்துப் பேர் போன் பண்ணி அந்த ஜன்னலைக் கேக்குறாங்க. கேக்குறது நின்னுடுச்சுன்னா நீங்களே இருங்க. நிக்கணுமே" என்றாள்.

எனக்கு ஐம்பத்தாறு வயது. மனைவி விட்டுப் போனபோதுகூட அந்த வெள்ளிக்கிழமை ஏழரைக்குக் கீழே இறங்கிவிட்டேன். அதனால்தான் சனிக்கிழமை எழுந்திருக்க முடிந்தது. அக்கரையில் வீடு கிடைக்காமல் இல்லை. ஆனால் நானும் பஸ்ஸில் வருகிறவனாகிவிட்டால், மழை பெய்கிற ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை நான்கு பேருமே வராமல் இருந்துவிடுவோம். அதோடு முடிந்தது.

அதனால் பொய் எழுது, அசியெர். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன். சொமேரா செத்துவிட்டது என்று எழுது. பாடினவர்கள் யாரும் இல்லை, மூன்றாம் மாடி ஜன்னலுக்கு எதிரே வெறும் சுவர் என்று எழுது. வருகிறவர்களைப் புதிய சதுக்கத்துக்கே அனுப்பு. நாற்காலியில் உட்காரட்டும், பதினோரு மணிக்குக் கிளம்பட்டும். நீ முதலில் எழுதியதே சரி. நான்தான் தப்பு.

ஜூன் பிறப்பதற்குள் மாற்றிவிடு. உன் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். பதில் போடாதே, தபால்காரன் எங்கள் கடிதங்களை லூசியோ கடையில்தான் கொடுத்துவிட்டுப் போகிறான்.

கீழே பெயர் எழுதப் பேனாவை வைத்தேன், எடுத்துவிட்டேன். கையில் கிடைத்ததை அப்படியே ஏற்றிவிடுகிறவன் நீ. இந்தக் கடிதமும் ஒருநாள் அந்தச் சுவருக்கு வந்து சேரலாம். படிக்கிற எவனுக்கும் நான் யாரென்று தெரிந்துவிடும், அது எனக்குத் தெரியாமல் இல்லை. பெயர் இல்லாவிட்டால், ஜமாவில் மிஞ்சிய அந்த மூன்று பேர் முன்னால் நின்று, இது நான் எழுதியதில்லை என்று சொல்லவாவது வாய் இருக்கும். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கப் போகிறேன்.