எந்தப் படத்துப் பாட்டு என்று கேட்டவர்களுக்கு

ஆவணி 4, புதன்

விடிந்ததிலிருந்து புழுக்கம். மலைப் பக்கம் மேகம், இந்தப் பக்கம் ஒரு சொட்டு இல்லை. மரவள்ளிக்குக் களை எடுக்க ஆள் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை சின்னவள் பேரனுக்குக் காதுகுத்து. கொழுந்தன் பெண்டாட்டி என்று நாற்பது வருஷமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். பந்தலில் உட்கார்ந்ததும் தன் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி ஆரம்பிப்பாள். அதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும். வரிசை மறக்காமல் இருக்க:

1. பெரிய பேரன். நாமக்கல்லில் கோழி மருந்துக் கம்பெனி, மேனேஜர். கார்.
2. அவன் தம்பி. கபடியில் மாவட்டத்துக்கே ஆடியவன். முட்டி போனதைச் சொல்ல வேண்டாம்.
3. மகள் வயிற்றுப் பேத்தி. சேலத்தில் நர்ஸ். அவள் ஊசி போட்டால் குழந்தை கூட அழாது.
4. அவள் தம்பி. பத்தாவதில் கணக்கு 97. தமிழ் கேட்டால் பேச்சை மாற்றவும்.
5. இளமதி. பெரியவன் மாணிக்கத்தின் மகள். பி.எஸ்சி. கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை, ஆஸ்டலில் தங்கல். பாட்டு ஆல்பம் போட்டிருக்கிறாள். எட்டுப் பாட்டு. அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்டு, அவளே பாடியது. போனில் உலகம் பூரா கேட்கலாம்.

ஐந்தாவதை நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஆனால் கேட்பார் இல்லை. ரேஷன் கடையில் சொன்னேன், எந்தப் படம் என்றான். பால்காரரும் அதே. சின்னவளிடம் சொன்னதற்கு, "எந்தப் படத்துல யக்கா வருது?" படத்தில் வராது, இது ஆல்பம் என்றேன். "அப்ப பாட்டு இன்னும் வெளிய வரலன்னு சொல்லு." அவள் சிரித்த சிரிப்பு இன்னும் வயிற்றில் எரிகிறது. ஒரு பாட்டு நன்றாக இருக்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஒருத்தன் மரத்தைச் சுற்றி ஆட வேண்டுமா.

மதி சொன்னது: "இதுவரைக்கும் இருநூத்திப் பத்து தடவ ஓடிருக்கு ஆயா. அதுல பாதி நீதான்."

உண்மை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் முதல் பாட்டைப் போட்டுக் காட்டுகிறேன். தகர ஷீட் மேல் மழை பெய்யும் பாட்டு. மற்ற ஏழையும் கேட்க இன்னும் கை ஒழியவில்லை. முதல் பாட்டே இப்படி என்றால் மற்றதும் அப்படித்தான்.

அரிசி புடைத்தேன். புழு.

ஆவணி 6, வெள்ளி

மேகம் கலைந்துவிட்டது. வெயில்.

மைக் செட் கோவிந்தன் தியாகதுருகத்திலிருந்து வந்து புளிய மரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டினான். ஒன்று ஊர்ப் பக்கம், ஒன்று காட்டுப் பக்கம். அடிவாரம் வரை கேட்கும் என்று பெருமை.

எங்கள் குடும்பத்தில் மைக் செட்டுக்கு வெற்றிலை பாக்கு வைப்பது மூத்த மருமகள். அவள் தட்டு வைக்காமல் குழாய் பாடாது. அது நான். சின்னவளுக்கு இது ஆகாது, ஆனால் மாற்ற முடியாது.

தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா பெரிம்மா, குடுங்க."

"நாளைக்கு என் பேத்தி பாட்டப் போடணும்."

"எந்தப் படம்?"

இவனுமா. "ஆல்பம். போன்ல கெடக்குது, எடுத்து ஏத்திக்கோ."

"பெரிம்மா, மொதல்ல புள்ளையாரு, அப்பறம் மாரியம்மா, அப்பறம் படத்துப் பாட்டு. எங்க அப்பா காலத்துலேர்ந்து இதான். நடுவுல தெரியாத பாட்டப் போட்டா கூட்டம் கலைஞ்சிடும்."

"மாரியம்மாவுக்கு அப்பறம் எட்டும் போடு. வரிசையா. ஒண்ணு வுட்டாலும் அடுத்த திருவிழாவுக்கு வேற செட்டுதான் வரும்."

தலையைச் சொறிந்தான். "எட்டும் நீங்க கேட்டீங்களா? காதுகுத்துக்கு ஒத்து வருமா?"

"கேக்காம சொல்லுவனா?"

ஏற்றிக்கொண்டான். தட்டைக் கொடுத்தேன்.

ஆவணி 7, சனி

 நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். நாளைக்கு ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

ஒன்பது மணிக்குப் பந்தல் நிரம்பியது. பிள்ளையார் ஆயிற்று, மாரியம்மன் ஆயிற்று. மதி பாட்டு மூன்று ஓடியது. ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் "எம் பேத்தி" என்றேன். "எங்க, வந்திருக்குதா?" என்று வாசலைப் பார்த்தாள்.

பையனைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி கம்பியை எடுத்தார்.

நாலாவது பாட்டு. ஒற்றை மேளம், சாவு மேளம் போல. அதன் மேல் மதி குரல், இழுத்து:

"ஆயிரம் அடி போயும் ஒரு வார்த்த பேசலியே
என் ராசா
ஊத்துக்கண்ண மூடிக்கினு ஒறங்கிப் போனியே"

ஒப்பாரி. சாட்சாத் ஒப்பாரி. ஆசாரி கை அந்தரத்தில் நின்றது. மாமன் வீட்டார் எழுந்தார்கள். சின்னவள் அலறினாள்: "புள்ளைக்குக் காதுகுத்தா, எழவா? யாருடா இத்தப் போட்டது?"

கோவிந்தன் பின்கட்டில் இட்லி தின்னப் போயிருக்கிறான். வேறு யாரோ நிறுத்தப் போய், எந்தப் பித்தான் என்று தெரியாமல் ஒன்றைத் திருக, சத்தம் இரண்டு பங்கு ஆனது. மலைக்கே கேட்டிருக்கும்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. காட்டில் மரவள்ளிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள், பதினொரு பேர், களைக்கொத்தைப் போட்டுவிட்டு முடியை அவிழ்த்துவிட்டு மாரடித்துக்கொண்டு வருகிறார்கள். எங்கள் பக்கம் குழாயில் ஒப்பாரி கேட்டால் யார் என்று விசாரிக்கிற வழக்கம் இல்லை. வந்து அழுதுவிட்டுத்தான் விசாரிப்பார்கள். முன்னால் அஞ்சலை, எனக்குச் சித்தி மகள். கையில் மாலை வேறு. வழியில் பூக்கடைக்காரன் யாருக்கு என்று கேட்டதற்கு, வேகமாகக் கட்டு என்றாளாம்.

என்னைக் கட்டிக்கொண்டாள். "யக்கா, மாமா போயிட்டாரா? போன மாசந்தான கண்ணு ஆஸ்பத்திரிக்குப் போயிக்கினு இருந்தாரு. ஒரு வார்த்த சொல்லி அனுப்பலியே யக்கா."

அந்த மாமா, என் வீட்டுக்காரர், நாலாவது இலையில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரோடு எழுந்து வந்து, "யாரு செத்தது?" என்று அஞ்சலையைக் கேட்டார். அவள் போட்ட கூச்சலில் காது குத்தாமலே பையன் அழுதான்.

மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். நல்ல நேரம் போய்விட்டது. பன்னிரண்டுக்கு மேல் வேறு நேரம் பார்த்துக் குத்தினார்கள். மாலையை யாரும் தொடவில்லை.

நான் எழுதி வைத்த ஐந்தில் ஒன்றுகூடச் சொல்ல முடியவில்லை.

சின்னவள் எல்லார் முன்னாலும்: "அந்தப் பாட்ட போன்லேர்ந்து எடுத்தாதான் ஒங்க வூட்டு ஆளுங்க எங்க வாசப்படி ஏறலாம்."

ஏறாவிட்டால் போகட்டும். அவள் வீட்டுப் படியே உடைசல்.

ஆவணி 8, ஞாயிறு

மழை வருவது போல் இருட்டி, ஏமாற்றம்.

மாணிக்கம் காலையிலிருந்து கத்தல். ஒரு பாட்டை இல்லை, எட்டையும் எடுக்க வேண்டுமாம். பெண் கேட்டு வருகிறவன் இதைக் கேட்டால் என்ன நினைப்பான் என்கிறான். இப்படிக் கத்துவான் என்று தெரிந்துதான் ஆல்பத்தைப் பற்றி மாணிக்கத்திடம் சொல்லாமல் இருந்தோம், ஆனால் ஊருக்கெல்லாம் சொன்னது நான்.

மதி பத்து மணி பஸ்ஸில் வந்தாள். அப்பன் பக்கம் திரும்பவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

"ஆயா, நாலாவது பாட்டு ஒப்பாரின்னு ஒனக்குத் தெரியாதா?"

கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன். "இன்னாமோ ஞாபகம் இல்ல."

"ஞாபகமா? நீ கேக்கவே இல்ல. மொதப் பாட்டத் தவிர ஒண்ணும் கேக்கல. அப்படித்தான?"

"நேரம் எங்கடி இருக்குது எனக்கு?"

"எல்லாம் அரை மணி நேரந்தான் ஆயா."

அதற்கு மேல் கோபமாகப் பேசியிருந்தால் நானும் பேசியிருப்பேன். பேசவில்லை. "ஊருல எவனும் கேக்கல, பரவால்ல. கேட்டேன் கேட்டேன்னு சொன்னியே, நீயும் கேக்கல. அப்பறம் யாருக்காக வெச்சிருக்கணும்? வியாழக்கெழம லீவு. அன்னிக்கு எட்டையும் எடுத்துடுறேன்" என்றாள்.

சாப்பிடாமல் மதிய பஸ்ஸுக்குப் போய்விட்டாள். திமிர். யாருடைய திமிர் என்று அவர் கேட்கிறார். அவர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பாயசத்தோடு எழுந்து வந்த மனுஷன்.

ஆவணி 10, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, வெட்கம்.

இன்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதும் கதவைச் சாத்திவிட்டு எட்டையும் கேட்டேன். இரண்டு தடவை. யாருக்கும் பயந்து நல்லது எழுதப் போவதில்லை:

1. மழை. தெரிந்ததே.

2. க.குறிச்சி பஸ் ஸ்டாண்ட். ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் போட்டு சீட்டுப் பிடிக்கிற பாட்டு. சிரித்தேன். இதைக் காதுகுத்தில் கேட்டும் அந்த ஜென்மங்கள் சிரிக்கவில்லை.

3. வெறும் மேளம். பேச்சே இல்லை. எதற்கு என்று புரியவில்லை.

4. கடைசியில்.

5. தன் அம்மாவைப் பற்றி. அதில் ஒரு வரி, "மாமியா வாயில மலைத்தேனும் கசக்கும்." அந்த மாமியார் யார் என்று நேரில் கேட்க வேண்டும்.

6. ஆஸ்டல் சாம்பார். ஆரம்பம் நன்றாக இருக்கிறது, நடுவில் சவ்வாக இழுத்துவிட்டாள்.

7. வெள்ளிமலைக்கு வண்டியில் போவது. வளைவு வரும்போது பாட்டும் வளைகிறது. எனக்கு வாந்தி வருகிற மாதிரி ஆனது, அவ்வளவு சரியாக.

8. பெண் பார்க்க வந்தவர்கள் பாடத் தெரியுமா என்று கேட்க, அவள் தெரியாது என்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. மாணிக்கம் இதைக் கேட்டிருக்க மாட்டான்.

நாலாவது. அது மனுஷனுக்கு அழுகிற ஒப்பாரி இல்லை. எங்கள் மூன்றாவது போர்வெல்லுக்கு. வண்டி வந்து ஆயிரம் அடி துளைத்து வெறும் புழுதி வந்த நாள். இவர் சாப்பிடாமல் அந்தக் குழாய்ப் பக்கத்தில் குந்தியிருந்தார். மதிக்கு அப்போது ஏழோ எட்டோ, அவர் முதுகில் சாய்ந்துகொண்டு இருந்தாள். குழாய் வாயில் காதை வைத்து "பேச மாட்டன்றியே" என்று அவர் சொன்னார். ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. பாட்டில் இருக்கிறது.

அவரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். கேட்டார். "சத்தம் கம்மியா இருக்குது, இன்னொருக்கா வெய்" என்றார். கம்மியாக இல்லை.

ஆவணி 11, புதன்

தூறல். போதாது.

அஞ்சலை வந்தாள். அன்றைக்கு அழுததில் தொண்டை இன்னும் கட்டியிருக்கிறது. சண்டைக்கு வந்தாள் என்று நினைத்து நானும் தயாராகத்தான் இருந்தேன்.

"அந்தப் பாட்ட வெய் யக்கா."

"ஏன், மறுபடியும் எங்க வூட்டுக்காரர சாகடிக்கவா?"

"சும்மா இரு யக்கா. அது போருக்கு அழுவறதுன்னு பாட்ட முழுசாக் கேட்டுட்டு கோவிந்தன் சொன்னான். எங்க போரு போனப்ப வண்டிக்காரன் மூட்ட கட்டிக்கினு போயிட்டான், நாங்க மறுநாள் கூலிக்குப் போயிட்டோம். எவ அழுதா அதுக்கு? வெய்."

வைத்தேன். கதவோரம் உட்கார்ந்து முழுசும் கேட்டாள். பிறகு தன் போனைக் கொடுத்து, அந்தப் பாட்டை எப்படிப் போட்டுக் கேட்பது என்று காட்டச் சொன்னாள். எனக்கே சரியாகத் தெரியாது, எப்படியோ காட்டினேன். களைக்குப் போகிற பதினொரு பேரும் கேட்க வேண்டுமாம். எந்தப் படம் என்று அவள் கேட்கவில்லை.

நாளை வியாழன்.

ஆவணி 12, வியாழன்

காலை ஆறரைக்கே மதிக்குப் போன் அடித்தேன். மூன்றாவது தடவைதான் எடுத்தாள்.

"பாட்ட எடுத்துட்டியா?"

"இன்னும் இல்ல. குளிச்சிட்டு எடுக்கலாம்னு இருக்கேன்."

"எடுக்காத. எட்டும் கேட்டுட்டேன்."

நம்பவில்லை. "ஆறாவது எதப் பத்தி?"

"ஆஸ்டல் சாம்பார். நல்லா இல்ல. நடுவுல இழுத்துட்ட."

வாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. 

"மூணாவது?"

"ஒண்ணும் புரியல. அஞ்சாவதுல வர்ற மாமியா யாருடி?"

அப்போதுதான் சிரித்தாள். பிறகு, "நாலாவது?" என்றாள்.

தாத்தா இரண்டு தடவை கேட்டார் என்று மட்டும் சொன்னேன். மூக்கை உறிஞ்சினாள். பாட்டுகளை எடுக்கப் போவதில்லை என்றாள். அதுவே போதும்.

மாணிக்கத்திடம் போனேன். தோட்டத்தில் நின்றுகொண்டே சண்டை. சின்னவள் வீட்டு உறவு போய்விடும் என்றான். போகட்டும் என்றேன். ஊர் என்ன சொல்லும் என்றான். ஊர் ஏற்கனவே வந்து அழுதுவிட்டுப் போனது, இனி சொல்ல என்ன இருக்கிறது என்றேன். கடைசியில் இறங்கி வந்தான், அதுவும் எப்படி: "சரி, இருந்துட்டுப் போவுது. ஆனா பொட்டப்புள்ள மூஞ்சி அதுல தெரியக் கூடாது. இப்ப இருக்கற மாதிரியே குழாப் படம் இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் பார்த்தேன். உண்மைதான். எட்டுப் பாட்டுக்கும் மேலே ஒரு துருப்பிடித்த போர்க் குழாய்ப் படம். அவள் முகம் எங்கும் இல்லை. பாடியவள் யார் என்று தெரியாமல் எவன் கேட்பான். அப்பனுக்குப் பயந்து குழாய்க்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாள், என்னிடம் மட்டும் அந்த வாய்.

மதிக்குச் சொல்ல வேண்டியது, மறக்காமல்:

குழாயை எடு. உன் போட்டோவைப் போடு. பழைய ஐடி கார்டுப் படம் வேண்டாம், அதில் திருடிப் பிடிபட்டவள் மாதிரி இருக்கிறாய். புதிதாக எடு. பகலில், வெளிச்சத்தில். பச்சைச் சேலை. துப்பட்டா கிப்பட்டா கொண்டு முகத்தை மறைக்காதே. பல் தெரிந்தால் தெரியட்டும். கீழே பெயர், அதற்குக் கீழே நம் ஊர்ப் பெயர். அப்பன் கேட்டால் ஆயா சொன்னது என்று சொல். எடுத்ததும் எனக்குக் காட்ட வேண்டும் என்று காத்திருக்காதே, நேராகப் போடு. இன்றைக்கே.