மலாயாச் செய்தியை யார் சொல்வது

பர்ன்லி
6 நவம்பர் 1955

அன்புத் தம்பி நார்மனுக்கு,

அணிவகுப்பும் பூட்ஸ் துடைப்பதும் போக உனக்குக் கிடைக்கும் கொஞ்ச ஓய்வில் இவ்வளவு நீளக் கடிதத்தைப் படிக்க வைப்பதற்குப் பொறுத்துக்கொள். நேரில் என்றால் எனக்குப் பேச வராது. உனக்கே தெரியும்.

இங்கே அனைவரும் சுகம். அம்மா தறிக்கூடத்துக்குப் போய் வருகிறாள், இருமல் குறைந்திருக்கிறது. நான் பாடம் நடத்தும் பள்ளியில் பெரிய வகுப்புப் பையன்களுக்கு ஒரே பேச்சுதான்: கல்லூரிக்கு முன்னால் பட்டாளமா, பின்னால் பட்டாளமா? இரண்டு வருஷம் கட்டாயம் என்று சட்டம் இருக்கும்போது, பட்டாளமே வேண்டாம் என்று தேர்ந்தெடுக்க அவர்களுக்கும் வழியில்லை.

உன் கடிதம் வியாழக்கிழமை பள்ளி முகவரிக்கு வந்தது. காட்டுச் சண்டை நடக்கும் மலாயாவுக்கு அனுப்புகிறார்கள் என்று ஒரு வரி. "நீ பட்டம் வாங்கினவ, அம்மாகிட்ட பக்குவமா சொல்லிடு" என்று இன்னொரு வரி. கப்பலேறும் முன் தரும் விடுப்பில் சிநேகிதர்களோடு பிளாக்பூல் கடற்கரையில் என்னென்ன செய்யப்போகிறாய் என்பது மீதிப் பக்கம் முழுவதும்.

நான் சொல்லப்போவதில்லை, நார்மன்.

செப்டம்பரில் நீ போன வாரமே உன் சொந்த உடுப்புகள் பழுப்புக் காகிதக் கட்டாக வீட்டுக்கு வந்தன. படையில் சேரும் எல்லோரும் அப்படி அனுப்ப வேண்டும் என்று அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. போரில் இறந்த அப்பாவின் பொருள்கள் பிரான்சிலிருந்து அதே மாதிரிக் கட்டாகத்தான் வந்தன. நான் வீடு திரும்பியபோது அம்மா மேலங்கியைக்கூடக் கழற்றாமல் அடுப்படி மேசை முன் உட்கார்ந்திருந்தாள். கட்டைப் பிரிக்கவில்லை. நீ இறந்த செய்தி சொல்லும் தந்திதான் எங்கோ வழிதவறியிருக்கும் என்று நினைத்தாளாம்.

பக்கத்து வீட்டு ஆக்டன் அம்மாள்தான் ஓடிவந்து கத்தினாள். "அடி பைத்தியமே, எல்லாப் பசங்க துணியும் இப்படித்தான் வரும்! எங்க ரெக்ஸோட காலுறை வந்தப்ப தபால்காரரே மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னாரு." அம்மா சிரித்தாள். பிறகு கட்டைப் பிரித்து, உன் கால்சட்டையைப் பளார் பளார் என்று மேசையில் அடித்தாள். "வரட்டும் அவன், தோலை உரிக்கிறேன்."

அன்றைக்குத்தான் வில்ஃப் மாமாவைப் பற்றிச் சொன்னாள். கூடப்பிறந்த அண்ணனுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துகூட அனுப்பமாட்டாளே, ஏன் என்று நாம் கேட்டதே இல்லை. அப்பா பிரான்சுக்குப் போகப்போவதை மாமாதான் வந்து சொன்னாராம். சொல்லத் தைரியமில்லாமல் அப்பா அவரை அனுப்பிவிட்டு, விடைபெறாமலே போய்விட்டார். "செத்தவர்மேல எப்படிக் கோபப்படறது? அதான் வில்ஃப்மேல படறேன்" என்றாள்.

இந்த வீட்டுக்கு இன்னொரு வில்ஃப் மாமாவாக நான் இருக்கமாட்டேன்.

இப்போது அவள் தெருவில் எல்லோரிடமும், "நம்ம நார்மன் உருளைக்கிழங்கு உரிச்சே ரெண்டு வருஷத்தை ஓட்டிடுவான்" என்கிறாள். உன் முகாமின் குளிருக்கென்று கழுத்துக்குக் கம்பளி பின்னுகிறாள். அந்த வெயில் நாட்டுக்கு இது எதற்கு என்று சொல்ல முடியாமல், நூலுருண்டையைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். மலாயாக் காட்டைவிட அம்மாவின் முகம்தான் உனக்குப் பயம். எனக்கும்தான். ஆனாலும் என் பதிலை மாற்றமாட்டேன்.

கடவுள் உன்னைக் கடலிலும் காட்டிலும் காக்கட்டும். கேட்கத் தயங்கியதை இப்போது கேட்டுவிடுகிறேன். பிளாக்பூல் வேண்டாம். விடுப்பின் முதல் நாளே, சீருடையோடு, வீட்டுக்கு வா. அம்மா தேநீர் ஊற்றிவிட்டு உட்காரும்வரை பொறு. பிறகு உன் வாயால் சொல். அவள் கத்துவாள், அடிக்கவும் அடிப்பாள். எழுந்து போய்விடாதே. அவள் கோபப்பட நீ எதிரில் இருக்க வேண்டும்.

உன் அக்கா,
மியூரியல்