தம்பியின் கும்பிடு

வெள்ளிக்கிழமை இரவு, ஈப்போ.

மனநல மருத்துவமனையில் தம்பியைப் பார்த்துவிட்டு வந்தேன். வாயோரம் எச்சில் வழிகிறது, கை நடுங்குகிறது. ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் அப்பா செய்ததைப் போலவே, அவனும் காலையில் ஜன்னலருகே நின்று முனியாண்டி சாமியிடம் உரக்க முறையிடுவான். தனக்குத்தானே பேசுகிறான் என்று முடிவுகட்டி மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள். அது நோயன்று, எங்கள் குடும்ப வழிபாடு என்று மருத்துவரிடம் மலாய் மொழியில் பொறுமையாக விளக்கினேன்.

“இப்போது பேசுவதே இல்லை. நல்ல முன்னேற்றம்,” என்று புன்னகைத்தார். மருந்தைக் குறைக்க மறுத்துவிட்டார். அந்தப் புன்னகையை என்னால் இன்னும் செரிக்க முடியவில்லை.

தம்பியிடம் கேட்டேன்: “சாமி கும்பிடுறதை விட்டுட்டியாடா?”

அவன் வாசலைப் பார்த்துக்கொண்டே, குழறிய நாக்கால் சொன்னான்: “வாய்விட்டுக் கும்பிட்டா ஊசி போடுறாங்கண்ணே. மனசுக்குள்ள கும்பிடுறேன்லா. டாக்டர்கிட்ட சொல்லிறாதீங்க.”