ஜனவரி ஒன்றாம் தேதி வந்த ஜூலை மெயில்

புதுவாயல்
23.11.2008, ஞாயிறு

அன்புள்ள மொஹசினுக்கு,

பூவராகவன் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போடத் தோன்றும். அதற்கு முன் உறைக்குள் இருக்கும் மூன்று தாள்களையும் பார்த்துவிடு. பிறகு கிழிப்பதும் வைத்துக்கொள்வதும் உன் இஷ்டம்.

மெயில் ஐந்து முறை போட்டேன். பதில் இல்லை. என் பெயரில் வருவதெல்லாம் நேராகக் குப்பைக்குப் போகும்படி செய்து வைத்திருப்பாய். அந்த வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தவனே நீதான், ஆகவே கோபித்துக்கொள்ள எனக்கு வழியில்லை. அதனால்தான் காகிதம். உன் மச்சான் கமால் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை ஷார்ஜா கிளம்புகிறார். அவர் பையில் இது வரும்.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. விஷயம் இதுதான்: போன வருடம் ஜூலை பதினொன்றாம் தேதி கொரியாக்காரன் அனுப்பிய மெயில் நம் சர்வருக்கு வந்திருக்கிறது. நீ சொன்னது சரி. நான் சொன்னது தப்பு.

உனக்குப் பாதி சொன்னாலே மீதி புரிந்துவிடும். ஆனால் தான் படித்த பிறகுதான் உறையை ஒட்ட வேண்டும் என்று மெஹர்னிசா அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் உன் அக்காவுக்கும் புரிகிறபடி முதலிலிருந்து எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே.

கொரியக் கம்பெனி ஒன்று நம்மிடம் பம்பு மூடி வார்க்கச் சொல்லியிருந்தது. முதலில் கொடுத்த படத்தில் போல்ட் துளை பதினாலு மில்லிமீட்டர். அதைப் பன்னிரண்டாக மாற்றிப் புதுப் படம் மெயிலில் அனுப்பினோம் என்றார்கள். நம் ஆர்டர் பெட்டியில் அப்படி ஒரு மெயிலே இல்லை. பழைய படத்தை வைத்து ஆயிரத்து எண்ணூறு மூடி வார்த்து முடித்திருந்தோம். அத்தனையும் திரும்ப உலைக்குப் போயிற்று. மெயில் சர்வர் உன் பொறுப்பு. பிளாண்ட் மேனேஜர் வீரராகவன் சார் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது, வந்திருக்கும் சார், ரெண்டு நாள் குடுங்க, எங்க போச்சுன்னு கண்டுபிடிச்சிடறேன் என்றாய். அவருக்கு இரண்டு மணி நேரம் கொடுக்கவே பொறுமையில்லை. என்னைக் கூப்பிட்டு லாகைப் பார்க்கச் சொன்னார்.

அக்காவுக்காக: வருகிற ஒவ்வொரு மெயிலுக்கும் சர்வர் தேதி, நேரம் போட்டு ஒரு கோப்பில் வரிவரியாக எழுதி வைக்கும். அதுதான் லாக். நான் ஜூலை 11 என்று கொடுத்துத் தேடச் சொன்னேன். அந்தத் தேதி போட்ட வரிகள் எல்லாம் வந்தன. கொரியா இல்லை. எனக்கு ஆனது நாலு நிமிஷம். வரலை சார் என்றேன். நீ கதவருகில் நின்றுகொண்டு, மெஷின் தேடிக் குடுக்கறத நம்பாதடா, முழுசா ஒரு தடவை படிச்சிப் பாரு என்றாய். எட்டாயிரம் வரிய எவன் படிச்சினு இருப்பான் என்று சிரித்தேன். சார் முன்னால் சிரித்தேன்.

மறுநாள் உன்னை அனுப்பிவிட்டார்கள். அனுபவச் சான்றிதழில் 'கவனக்குறைவு' என்று ஒரு சொல்லைச் சேர்த்துக் கையில் கொடுத்தார்கள். உன் நாற்காலி எனக்கு வந்தது. என்னை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே நீதான். அதன்பிறகு நம் ரூமில் நீ இருந்த நாலு நாளும் நாம் பேசிக்கொள்ளவில்லை. கீழே பஞ்சர் கடைக்காரர் இன்னும் கேட்கிறார், அந்தப் பழவேற்காட்டுத் தம்பி இன்னா ஆச்சு என்று.

இனி இந்த மாதக் கதை. சர்வரில் இடம் முடிந்து தொண்ணூற்றெட்டு சதவீதம் நிரம்பிவிட்டது. புது டிஸ்க் கேட்டால் மேலே யாருக்கும் காது கேட்பதில்லை. அதனால் எல்லோருக்கும் ஒரு சுற்றறிக்கை விட்டேன். பழைய மெயில்களை வெள்ளிக்கிழமைக்குள் அழிக்கவும், அழிக்காதவர் பெட்டியை நானே அழிப்பேன். என் பாணி உனக்குத் தெரியும். கேன்டீனில் என் காதுபடவே திட்டினார்கள்.

ஆர்டர் பெட்டியை இப்போது சந்திரகலா என்று ஒருவர் பார்க்கிறார். நீ போனபிறகு சேர்ந்தவர், சோழவரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார். மற்றவர்கள் கண்ணில் பட்டதை அள்ளி அழித்தார்கள். இவர் மட்டும் அடியிலிருந்து, மிகப் பழையதில் ஆரம்பித்து, ஒவ்வொன்றாகப் படித்து அழித்திருக்கிறார். பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை, எனக்கு போன். சார், இங்க ரெண்டாயிரம் ஜனவரி ஒண்ணாந்தேதி போட்டு ஒரு மெயில் கிடக்குது என்றார். குப்பை, அழிங்க என்றேன். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் போன். கம்பெனி ஆரம்பிச்சதே ரெண்டாயிரத்து மூணுலதான? அப்ப யாரு சார் நம்மளுக்கு மெயில் போட்டது? அழிங்கம்மா, எனக்கு வேற வேலை இருக்கு என்று வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவரே பிரின்ட் எடுத்துக்கொண்டு மாடியேறி வந்து நின்றார். அழிச்சிடறேன் சார், அதுக்கு முன்ன இதுல பன்னண்டு மில்லிமீட்டர்னு போட்டுக்கிறத மட்டும் ஒருவாட்டி பாத்துடுங்க என்றார்.

பார்த்தேன்.

அந்தத் தாள்தான் உறையில் முதலாவது. தலைப்பில் இரண்டு நேர முத்திரைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பதைக் கவனி. கொரியாவிலிருந்து கிளம்பியது ஜூலை 11, அவர்கள் நேரம் பகல் 10.23. நமக்கு அது காலை 6.53. நம் சர்வர் வாங்கிக்கொண்ட நேரம் 2000 ஜனவரி 1, நள்ளிரவு தாண்டி 21 நிமிஷம்.

உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். அக்காவுக்காக மீதி. கம்ப்யூட்டருக்குள் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது செத்துப்போயிருந்தால், கரண்ட் திரும்பி வரும்போது கம்ப்யூட்டர் தன் ஆதி தேதிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். நம் சர்வரின் ஆதி தேதி 2000 ஜனவரி 1. அன்றைக்குக் காலையில் கரண்ட் போனதா என்று எலக்ட்ரீஷியன் பாக்கியராஜ் அண்ணனிடம் கேட்டேன். ஜெனரேட்டர் நோட்டை எடுத்துத் தூசி தட்டிப் பிரித்தார். துணை மின் நிலையத்தில் பராமரிப்பு வேலை, 5.50க்கு கரண்ட் கட், 6.32க்கு ஜெனரேட்டர் ஆன். நடுவில் யூ.பி.எஸ்.ஸும் தீர்ந்திருக்கிறது. இவ்ளோ கரெக்டா எழுதி வச்சிக்கிறீங்களே அண்ணே என்றதற்கு, என் நோட்டு பேனால எழுதனது நைனா, அதுக்கு பேட்டரி வாணாம் என்றார்.

சர்வர் மணிக்கொரு தடவை இன்டர்நெட்டில் நேரம் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும்படி நீ ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தாய் அல்லவா? அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. ஏழரை மணிக்குக் கடிகாரம் சரியாகிவிட்டது. ஒன்பது மணிக்கு நாம் வந்தபோது சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. இடையில் அந்த ஒரு மணி நேரத்தில் வந்த மெயில் ஆறு. ஐந்து குப்பை, ஆறாவது கொரியா. புதியது மேலே, பழையது கீழே என்று அடுக்குகிற பெட்டியில் ஏழு வருடப் பழசாக நேராக அடிக்குப் போய்விட்டது. படிக்காதவை முந்நூறு என்று எந்நேரமும் காட்டுகிற பெட்டி அது. ஒன்று கூடினால் யார் பார்க்கப்போகிறார்கள்?

மாதாமாதம் நீ லாகை சி.டி.யில் எழுதி வைப்பாயே, 'ஜூலை 07' என்று உன் கோணல் எழுத்து போட்ட சி.டி.யைத் தேடி எடுத்தேன். அந்தச் சனிக்கிழமை காலையில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்தேன். மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டாம் வரி. மேலே ஜூலை 11, கீழே ஜூலை 11, நடுவில் கொஞ்ச வரிகள் மட்டும் ஜனவரி 1. கண்ணால் படித்திருந்தால் குருடனுக்கும் தெரிந்திருக்கும். நான் தேதியை வைத்துத் தேடினேன். தேதிதான் தப்பாக இருந்தது.

ஒன்றை மறைக்கப்போவதில்லை. சந்திரகலாவுக்குப் பழைய கதை தெரியாது. அழிங்க என்று மூன்றாவது தடவையும் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அந்த நினைப்பு எனக்கு வந்தது. ஒரு டீ குடிக்கிற நேரம் இருந்தது. பிறகு போய்விட்டது.

போன ஞாயிறு பழவேற்காட்டுக்குப் போய் அக்காவைப் பார்த்தேன். வாசலிலேயே, இன்னா மூஞ்ச வச்சினு வந்த என்று கேட்டார். நியாயம்தான். பிரின்டைக் கொடுத்தேன். நாலு நிமிசத்துல பாத்து சொல்லிட்டியாமே, அத்த தப்புன்னு சொல்றதுக்கு ஒன்ற வருசமா என்றார். பிறகு நீ அங்கே செல்போன் கடையில் ரீசார்ஜ் கார்டு விற்றுக்கொண்டிருப்பதைச் சொன்னார். இரண்டு கம்பெனியில் இன்டர்வியூ எல்லாம் முடிந்து, சான்றிதழைப் பார்த்ததும் அனுப்பிவிட்டார்களாம். எனக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயற்சி செய்யவில்லை என்பதுதான் சரி. கிளம்பும்போது அக்கா சொன்னார்: இந்த தேதி, மணியெல்லாம் எனக்கு வாணாம் பா. அவன் பேருக்குப் பக்கத்துல எழுதி வச்சாங்களே ஒரு வார்த்த, அத்த எடுத்துனு வா. அப்புறம் எழுது, நான் குடுத்து அனுப்பறேன்.

மறுநாள் வீரராகவன் சார் அறைக்குப் போனேன். முடிஞ்சுபோன கதையை எதுக்குப்பா கிளறறே என்றார். சி.டி., பிரின்ட், ஜெனரேட்டர் நோட்டு மூன்றையும் மேஜைமேல் வைத்து, புது சான்றிதழ் வேணும் சார் என்றேன். அதெல்லாம் கொடுத்தது கொடுத்ததுதான், மாத்தற வழக்கமில்லை என்றார். நான் எழுந்திருக்கவில்லை. அப்போ தப்பு யாரோடது என்று கேட்டார். என்னோடது சார், ஃபைல்ல அப்படியே எழுதிக்குங்க என்றேன். ரொம்ப நேரம் நோட்டையே புரட்டிக்கொண்டிருந்தார். அவன் ரெண்டு நாள்தான் கேட்டான் என்று கடைசியில் சொன்னார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

நேற்று கொடுத்துவிட்டார். உறையில் இரண்டாவது தாள் உன் புதுச் சான்றிதழ். அந்தச் சொல் இல்லை. சர்வரை மூன்று வருடம் திறமையாக நிர்வகித்தார் என்றும், ஜூலை 2007 சம்பவத்துக்கு அவர் காரணமல்ல என்று பின்னர் தெரியவந்தது என்றும் இருக்கிறது. இரண்டாவது வரியை நான் கேட்கவில்லை. அவராகச் சேர்த்தது.

மூன்றாவது தாள் எனக்குக் கொடுத்த மெமோவின் நகல். உன் தாளிலிருந்து எடுத்த 'கவனக்குறைவு' இப்போது என் தாளில் இருக்கிறது. கம்பெனி எதையும் வீணாக்குவதில்லை. நீ பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் நகல் எடுத்தேன்.

புதுவாயல் பக்கம் இரண்டாவது யூனிட் வருகிறது. அதற்கு மெயில், நெட்வொர்க் பார்க்க ஆள் வேண்டும், அவன் வருவானான்னு கேளு என்று சார் சொன்னார். கேட்டுவிட்டேன். வா என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அங்கேயே நல்ல கம்பெனியில் கிடைத்தால் அதுவும் சந்தோஷம்தான். பேட்டரியை மாற்றிவிட்டேன், பழையது என் மேஜையில் கண்ணெதிரே கிடக்கிறது. புது டிஸ்க்கும் அனுமதியாகிவிட்டது, சந்திரகலா புண்ணியம். எங்கள் ஊர் பள்ளிப்பட்டில் நல்ல மழை. என் நைனா இந்த வருடம் நெல் தப்பிக்கும் என்கிறார். உன்னைப் பற்றிக் கேட்டார். நடந்ததை அவரிடமும் சொன்னேன். போய் முதல்ல அந்தப் புள்ளைக்கு எழுது என்றார்.

மன்னித்துக்கொள் என்று எழுதி மூன்று தடவை அடித்துவிட்டேன், எனக்கு அந்த வார்த்தை சரியாக வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். போட்ட மெயில் திரும்பி வந்தால்கூட நமக்கு நிம்மதி, எதிர்ப்பக்கம் ஏதோ உயிரோடு இருக்கிறது என்று தெரியும். ஒன்றுமே வராமல் இருப்பதைத்தான் தாங்க முடியாது. ஆகவே எழுது. திட்டியே எழுது. பக்கம் பக்கமாக, தேதிகூடப் போடாமல் எழுது. இந்தத் தடவை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரைக்கும் படிப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ கேட்ட அந்த இரண்டு நாளும் இனி எங்கேயும் உனக்கு மறுக்கப்படாமல் இருக்கட்டும்.

உன் பழைய ரூம்மேட்,
பூவராகவன்