மாற்றுக் கையுறை

ஜனவரி 11, ஞாயிறு. ஸ்காட்லாந்து, மலையடி விடுதி.

பாண்டியின் இரண்டு விரல்களில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். உணர்ச்சி திரும்புமா என்பது நாளைதான் தெரியுமாம். அருப்புக்கோட்டையில் அவனுக்குத் தறிப்பட்டறை. அறுந்த இழையை இன்றும் தன் கையாலேயே முடிகிறவன்.

பாதி மலை ஏறியதும் எதிரே கருமேகம் இறங்கியது. இந்த நாட்டிலேயே வேலை பார்க்கும் முத்து, "திரும்பிருவோம்" என்றான். நானும் அதையே சொன்னேன்.

பாண்டி என்னைப் பார்த்துச் சிரித்தான். "ஏலே, மழ வேணும்னு ஊரே கூடிக் கஞ்சி காச்சுது. மேகத்தப் பாத்து ஓடுற மொத திருச்சுழிக்காரன் நீதாம்லே."

மழைக்கு ஏங்கும் திருச்சுழியில் ஒன்றாக வளர்ந்த எங்கள் மூவருக்கும் மேகத்துக்கு முதுகு காட்டிப் பழக்கமில்லை. ஏறினோம். மேகம் மழையாக வரவில்லை, பனியாக வந்தது.

பாண்டியின் ஒரு கையுறையைக் காற்று கொண்டுபோனது. என் பையில் மாற்றுக் கையுறை இருந்தது. காலையில் அந்தப் பெரிய பையைப் பார்த்துத்தான், "சீர்வரிசையா கொண்டு வார?" என்று கேட்டிருந்தான். இப்போது கையுறையையும் கேட்கட்டும் என்று நடந்தேன். அவன் கேட்கவில்லை. வெறுங்கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். அரைமணி நேரம் அப்படியே நடந்தோம். நட்பைப் பற்றி நான் மேடைகளில் அதைவிட நீளமாகப் பேசியிருக்கிறேன். விரல்கள் வெளுத்த பிறகு எடுத்துக் கொடுத்தேன்.

தூங்கப்போகும் முன் பாண்டி தன் மனைவியிடம் போனில் சொன்னான்: "இவன் மட்டும் கையொற தரலைன்னா வெரலே போயிருக்கும்." போனை என்னிடம் நீட்டினான்.

"அண்ணே, ஒங்கள சாமியா நெனைக்கேன்" என்றாள் அவள்.

"இருக்கட்டும்மா" என்றேன்.