ஐம்பது லிங்க் பாதை

இன்று காலை கணினியில் திறந்த வரைபடக் கோப்பில் பாதையின் அகலம் நாற்பது என்றிருந்தது. அடியா, மீற்றரா என்று எழுதவில்லை. மென்பொருள் அலகைக் கேட்டுக் காத்து நின்றது. அனுப்பியவருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொட்டேன். வைத்ததும் உன் நினைவு வந்துவிட்டது.

ஆறு வருடம் ஒரே அறையில் வரைபடம் கீறினோம். கரைத்தீவுக் குடியிருப்பின் பாதைகளைப் பழைய தாள்படத்திலிருந்து கணினிக்கு மாற்றியது நான். தாளில் ஐம்பது என்றிருந்தது. அடி என்று பதிந்தேன். அதை மென்பொருள் பதினைந்து மீற்றராக மாற்றி, பாதையை இரு பக்கமும் விரித்துக் கீறியது. அந்தப் படத்தை வைத்துத்தான் பாதையின் எல்லைக்கு மர முளை அடித்தார்கள்.

ஒரு முளை பல்கீஸ் ராத்தாவின் குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் நின்றது. கணவரை இழந்தவர், அந்தக் குசினியைத் தானே கல் சுமந்து கட்டியவர். நாம் போனபோது வாசலை மறித்து நின்றார்.

"தொண்ணூறுல மன்னாரிலருந்து எழும்பினம். திரும்பவும் எழும்பச் சொல்லுறியளா?"

நீயும் அதே வருடம், முஸ்லிம்களை ஊரைவிட்டு வெளியேற்றியபோது, உன் உம்மாவின் இடுப்பில் அங்கிருந்து வந்தவள். நாடாவை எடுத்து, பழைய வேலியிலிருந்து எதிர்வேலி வரை அளந்தாய். முப்பத்துமூன்று அடி.

"தாளில இருக்கிறது அடியில்ல புள்ள, லிங்க். அறுபத்தாறு அடி அளவைச் சங்கிலியில நூறுல ஒண்டு. ஐம்பது லிங்க் எண்டா பத்து மீற்றர்தான்" என்றாய் என்னிடம்.

"படம் கந்தோருக்குப் போயிட்டே. பேசாம இருப்பமா?" என்றேன். அதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"போன படத்தத் திருப்பி எடுப்பம். பிழை எண்டு நீயே சொல்லு."

அதிகாரியின் கந்தோருக்குப் போய்ச் சொன்னேன். மற்றப் பாதைகளையும் மறுபடி பார்க்க வேண்டிவருமே என்று அதிகாரி சலித்துக்கொண்டார். "ஓம் சேர், நாங்களே பாக்கிறம்" என்றாய். இரண்டு கிழமை வெயிலில் எல்லாப் பாதையையும் அளந்தோம். இன்னும் இரண்டு பிழைகள், இரண்டும் என்னுடையவை. நீ ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை.

திருத்திய படம் வந்த அன்று பல்கீஸ் ராத்தா முளையைத் தன் கையாலேயே பிடுங்கி அடுப்பில் வைத்தார். அந்த நெருப்பில் நமக்குத் தேத்தண்ணி ஊற்றினார்.

போன வருடம், நோன்புக்கு முந்திய கிழமை, சிலாபம் ஆஸ்பத்திரியில் நீ மௌத்தானாய். முப்பத்தைந்து வயது. உன் கதிரையில் இப்போது வேறொருவர் இருக்கிறார். நல்ல பிள்ளை.

சென்ற மாதம் பள்ளிவாசல்துறைப் படமொன்றில் மீண்டும் பிழை விட்டதை, படம் கந்தோருக்குப் போனபின்தான் கண்டேன். யாரும் கவனிக்கவில்லை, கவனித்திருக்கவும் மாட்டார்கள். மறுநாள் காலை தனியாகக் கந்தோருக்குப் போனேன். அதிகாரி கதிரையைக் காட்டினார். நின்றபடியே, "பிழை என்னுடையது சேர், படத்தைத் திருப்பித் தாங்க" என்றேன். படத்தை வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.